பிறந்தநாள் கேக்கும் பிடியரிசியும்

வாசகர் கேள்வி – பதில்

சிறு குழந்தைகளுக்கு ஈகையையும் பிறர்மீது அக்கறையையும் கற்றுக்கொடுப்பது பற்றிச் சென்ற மாதம் வாசகர்களிடம் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஏழு இங்கே இடம்பெறுகின்றன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து ஊர்களை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நம் பகுதியாளர் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் மகளுக்கு வரும் மாதம் ஆறு வயது நிறைகிறது. அவளுடைய மூன்றாம் பிறந்தநாள் முதல் ஒவ்வோர் ஆண்டும் ஊருக்கு அருகிலுள்ள குழந்தைகள் காப்பகத்திற்குச் சென்று, அங்குள்ள பிள்ளைகளின் முன் கேக் வெட்டி, மதிய உணவு பரிமாறி, பரிசுப் பொருள்களை மகளின் கையால் கொடுக்கச் செய்து வருகிறோம். கொடுக்கும் பழக்கம் சிறு வயதிலேயே வர வேண்டும் என்பது என் கணவரின் விருப்பம். சென்ற ஆண்டு வீடு திரும்பும் வழியில் மகள், "அந்த அக்காவுக்கு என்னைத் தெரியவே தெரியாதே, அப்புறம் ஏன் எனக்குப் பாட்டுப் பாடினாள்?" என்று கேட்டாள். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை. இவ்வாண்டும் செல்லலாமா?
— ஒரு தாய், ஈரோடு

பதில்: உங்கள் மகளுக்கு என்ன கற்றுக்கொடுக்க விரும்பி அங்கே அழைத்துச் சென்றீர்களோ, அது அவளிடம் வந்துவிட்டது, அம்மா. கேக்கையும் பலூனையும் விட்டுவிட்டு எதிரில் நின்ற ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து, இவள் ஏன் இதைச் செய்கிறாள் என்று யோசித்திருக்கிறாள். பிறர் நிலையில் தன்னை வைத்துப் பார்ப்பது இப்படித்தான் தொடங்குகிறது. அவள் கேட்ட கேள்வியை நாமும் சற்று நேரம் கேட்டுப் பார்ப்போம்.

அந்த அக்கா ஆண்டில் எத்தனை நாள் அறிமுகமில்லாதவர்களின் பிறந்தநாளுக்குப் பாடுகிறாள் என்று எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை, அமாவாசை, யாரோ ஒருவருடைய திருமண நாள், இன்னொருவருடைய தந்தையின் நினைவு நாள் என்று விருந்துகள் சில நாள்களில் குவிகின்றன. மற்ற நாள்களில் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. விருந்தினர் வரும்வரை பசியோடு வரிசையில் நிற்க வேண்டும். தன் வயதுக் குழந்தை ஒன்று பெற்றோரின் நடுவே நின்று கேக் வெட்டுவதைப் பார்க்க வேண்டும், கைகூப்பி நன்றி சொல்ல வேண்டும், செல்பேசியைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். தாய் தந்தை இல்லாத, அல்லது இருந்தும் உடன் இருக்க முடியாத ஒரு பிள்ளைக்கு அந்தக் காட்சி என்னவாக இருக்கும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. தன் பிறந்த தேதியே உறுதியாகத் தெரியாத பிள்ளைகளும் அந்த வரிசையில் நிற்கிறார்கள்.

புகைப்படம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பலரும் அறியாமல் செய்கிறார்கள். 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் ஆகியவற்றையும் அடையாளம் காட்டக்கூடிய பிற விவரங்களையும் எந்த ஊடகத்திலும் வெளியிடுவதைத் தடைசெய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ, 2 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமுண்டு. காப்பகப் பிள்ளைகளின் நடுவே நம் குழந்தையை நிறுத்தி எடுத்த படத்தை வாட்ஸ்அப் நிலைத்தகவலில் வைப்பவர்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். நாளை அந்தப் பெண் கல்லூரியிலோ வேலையிலோ சேரும்போது, அன்னதானம் பெற்ற குழந்தையாக அவள் முகம் எங்கோ கிடப்பது நியாயமா?

கொடுப்பதை நிறுத்த வேண்டாம், கொடுக்கும் முறையை மாற்றுங்கள். பிறந்தநாளுக்கு இரண்டு வாரம் முன்பே காப்பகப் பொறுப்பாளரை அழைத்து, இம்மாதம் எது குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் கேக் என்று சொல்லமாட்டார். துவரம் பருப்பு, தேங்காய் எண்ணெய், குளியல் சோப்பு, உள்ளாடை, சானிட்டரி நாப்கின், நோட்டுப் புத்தகம் என்பார். அந்தப் பட்டியலோடு மகளைக் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். சோப்பை அவள் தேர்ந்தெடுக்கட்டும். "உனக்கு மல்லிகை வாசனை பிடிக்கும், அந்த அக்காவுக்கு எது பிடிக்கும் என்று நாம் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவளை அரைமணி நேரம் யோசிக்க வைக்கும். பொருள்களை அலுவலகத்தில் ஒப்படைத்துவிட்டு வந்துவிடுங்கள். கேக்கை வீட்டில், அவளுடைய தோழிகளோடு வெட்டலாம். அதற்கு முன், அந்த இல்லம் முறையாகப் பதிவு பெற்றதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரித்துவிடுவது நல்லது. இத்தகைய இல்லங்கள் அனைத்தும் அதே சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்திருக்க வேண்டும்.

அவள் கொண்டுசெல்வதில் ஒரு பொருளாவது அவளுடைய உண்டியல் காசில் வாங்கியதாக இருக்கட்டும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஓர் ஆய்வை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. இரண்டு வயதுகூட நிறையாத குழந்தைகளிடம் தின்பண்டம் கொடுத்து, அதை ஒரு பொம்மைக்குப் பகிரச் செய்து, அவர்கள் முகத்தில் தெரிந்த மகிழ்ச்சியை அளந்தார்கள். ஆய்வாளர் புதிதாக எடுத்துத் தந்த பண்டத்தைக் கொடுத்தபோது இருந்ததைவிட, தங்கள் கிண்ணத்திலிருந்து எடுத்துக் கொடுத்தபோது குழந்தைகளின் முகம் அதிகம் மலர்ந்தது. அப்பா வாங்கி, கடைசி நிமிடத்தில் மகளின் கையில் திணித்து, "கொடு" என்று சொல்லும் பரிசு அவளுடையது ஆகாது. அவள் வெறும் கைமாற்று ஆளாக நிற்கிறாள்.

அவள் கேட்ட கேள்விக்கு இன்னும் விடை சொல்லவில்லை என்றால், இன்று இரவே சொல்லிவிடுங்கள். "அந்த அக்காவைப் பாடச் சொல்லியிருந்தார்கள், அவளுக்கு விருப்பமா என்று நாங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும், இந்த ஆண்டு அப்படிச் செய்யமாட்டோம்" என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். உங்கள் கணவரின் விருப்பம் நல்ல விருப்பம். அவரிடமும் மகளின் கேள்வியை அவள் சொன்ன சொற்களிலேயே சொன்னால் போதும், வாதம் தேவைப்படாது.

கேள்வி: நான்கு வயதாகும் என் மகன் தன் விளையாட்டுச் சாமான்களில் ஒன்றைக்கூட எவருக்கும் தருவதில்லை. "பாப்பாவுக்குக் கொடு" என்றால் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிறான். உறவினர் முன் தலைகுனிவாக இருக்கிறது. இப்போதே திருத்தாவிட்டால் தன்னலக்காரனாக வளர்ந்துவிடுவானோ?
— ஒரு தந்தை, திருநெல்வேலி

பதில்: வளரமாட்டான். ஸ்விட்சர்லாந்துக் குழந்தைகளிடம் நடத்தி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், 3, 4 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் தமக்கே அதிகம் வைத்துக்கொண்டார்கள். 7, 8 வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சமமாகப் பங்கிடுவதையே விரும்பினார்கள். 2013இல் வந்த இன்னோர் ஆய்வு அதைவிடச் சுவையானது. ஒட்டுப்படங்களைச் சமமாகப் பகிர வேண்டும் என்று மூன்று வயதுக் குழந்தைகளும் சொன்னார்கள். தம்மைப் போலவே மற்றவர்களும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்றார்கள். கையில் கொடுத்துப் பகிரச் சொன்னபோது மட்டும் தமக்கே அதிகம் எடுத்துக்கொண்டார்கள். அறிவு முன்னே போய்விடுகிறது, கை சற்றுப் பிந்தி வருகிறது. உங்கள் மகனின் கை இன்னும் வழியில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பிடுங்கிக் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். வலியவர் எடுத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் அது கற்பிக்கும். விருந்தினர் வருமுன் அவனை அழைத்து, எவருக்கும் தர வேண்டாத ஒன்றிரண்டு பொருள்களை அவனே அலமாரியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். தன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி வந்தபின் மற்றவற்றைத் தருவது எளிதாகும். உதவும் மனம் அவனிடம் ஏற்கெனவே இருப்பதையும் கவனியுங்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 2006இல் நடந்த ஆய்வில், 18 மாதக் குழந்தைகளே, அறிமுகமில்லாத ஒருவர் கைதவறிப் போட்டதை எடுத்துக் கொடுத்தார்கள். கைநிறையப் புத்தகத்தோடு நின்றவருக்கு அலமாரிக் கதவைத் திறந்துவிட்டார்கள். எவரும் அவர்களிடம் கேட்கவில்லை, பரிசும் தரவில்லை. உங்கள் மகன் கீழே விழுந்த கரண்டியை எடுத்துத் தரும்போது அதைக் கண்டுகொள்ளுங்கள். உறவினர் என்ன நினைப்பார்கள் என்ற கவலையை இரண்டு ஆண்டு தள்ளி வையுங்கள்.

கேள்வி: என் மாமியார் காலம் முதல் எங்கள் வீட்டில் பிடியரிசி எடுத்து வைப்பது வழக்கம். உலையில் அரிசி போடும் முன் ஒரு பிடியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவிடுவோம். மாத இறுதியில் கோயில் அன்னதானத்திற்கோ இல்லாதவர் வீட்டுக்கோ போகும். இப்போது என் மகன் மாதம்தோறும் செல்பேசி வழியாக ஓர் அறக்கட்டளைக்குப் பணம் அனுப்பிவிடுகிறான். "அதுவே போதும் அத்தை" என்கிறாள் மருமகள். அவர்கள் செய்வதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பேரப்பிள்ளைகள் இருவருக்கும், எட்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும், இவ்வீட்டில் தர்மம் நடப்பதே தெரியவில்லை. என்ன செய்யலாம்?
— ஒரு பாட்டி, கும்பகோணம்

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைப் படித்தபின் அன்று மாலை முழுவதும் என் பாட்டியின் அடுக்களையில் இருந்தேன். அந்தப் பானையை எடுத்துக் கழுவிக் காயவையுங்கள்.

உங்கள் மகன் அனுப்பும் பணம் பெறுபவருக்குப் பெரிய உதவி. பிடியரிசியைவிடப் பல மடங்கு பெரியது. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது ஒரு கண்ணாடித் திரையில் விரல் பட்ட ஓசையாகத்தான் தெரியும். சிறு குழந்தைகள் கையால் அறிகிறார்கள். பிடியரிசியில் இருக்கும் அரிய நுட்பம், அது மிச்சத்திலிருந்து வருவதில்லை என்பது. சமைத்து உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பது வேறு. இன்றைய சோற்றுக்கென்று அளந்த அரிசியிலிருந்து, உலை கொதிக்கும் முன்பே, முகம் தெரியாத ஒருவருக்கு ஒரு பிடியை ஒதுக்குவது வேறு. நம் வீட்டு இலையில் அவருக்கும் ஓர் இடம் போட்டாயிற்று என்று அதற்குப் பொருள்.

பிடிப்பதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். ஒரு நாள் பேரன், ஒரு நாள் பேத்தி என்று முறை வைத்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக் கையில் ஏறத்தாழ 25 கிராம் அரிசி கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், மாதம் முக்கால் கிலோ சேரும். எட்டு வயதுப் பிள்ளையிடம் தராசைக் கொடுத்து நிறுக்கச் சொல்லுங்கள். ஒருவருக்கு ஒரு வேளைக்கு நூறு கிராம் அரிசி என்றால் எத்தனை பேர் உண்ணலாம் என்று கணக்குப் போடட்டும். ஏழு பேர் என்று விடை வரும்போது அந்த ஏழு பேர் யாராக இருக்கலாம் என்ற பேச்சு தானாக வரும். வண்டு வராமல் நான்கு காய்ந்த மிளகாயை உள்ளே போட்டு வையுங்கள். பூச்சி பிடித்த அரிசியைக் கொடுக்கக் கூடாது என்பதும் அவர்கள் கற்க வேண்டிய பாடம்தான்.

ஒருமுறை அவர்களை வடலூருக்கு அழைத்துச் செல்லுங்கள்; உங்கள் ஊரிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பலாம். வள்ளலார் 1867 மே 23ஆம் நாள் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று ஏற்றிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. சாதி, சமயம், மொழி எதையும் கேளாமல் வந்தவர்க்கெல்லாம் உணவிடுகிறார்கள். பிள்ளைகள் சேர்த்த அரிசியை அங்கே கொடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். பந்தியில் அமர்ந்து, பக்கத்தில் யார் அமர்ந்தாலும் அவரோடு சேர்ந்து உண்ணுங்கள். கொடுத்த கையே அடுத்த அரைமணியில் இலையின் முன் ஏந்துகிறது என்பதைக் குழந்தைகள் உடம்பால் உணர்வதற்கு இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவில் இருந்த இஸ்லாமியக் குடும்பங்களில் ஃபித்ரா கொடுப்பதையும் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். நோன்புப் பெருநாள் தொழுகைக்கு முன், வீட்டில் உள்ள ஒவ்வொரு தலைக்கும் இவ்வளவு என்று தானியமோ அதன் விலையோ ஏழைகளுக்குப் போய்ச் சேர வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் சேர்த்துத்தான் கணக்கு. பெருநாளன்று ஒருவரும் பசித்திருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். "என் பேருக்கும் அரிசி அளந்தார்கள்" என்று என் வகுப்புத் தோழி பெருமையாகச் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. உங்கள் பானையிலும் இரு பிள்ளைகளின் பெயரையும் எழுதி ஒட்டுங்கள். மருமகளிடம் இதைப் பழைய வழக்கத்துக்கும் புதிய வழக்கத்துக்கும் இடையிலான போட்டியாகக் கொண்டு செல்லாமல், மாதம் ஒருமுறை பணம் அனுப்பும்போது பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார்த்தி, யாருக்கு, எதற்காக என்று சொல்லச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே வீட்டில் நடக்கட்டும்.

கேள்வி: போக்குவரத்து விளக்கில் கார் நின்றபோது, ஏழெட்டு வயதுச் சிறுவன் ஒருவன் கண்ணாடியைத் தட்டிக் கை நீட்டினான். என் ஐந்து வயது மகன், "அந்த அண்ணாவுக்கு ஏன் செருப்பு இல்லை?" என்று கேட்டான். "ஒழுங்காகப் படிக்காவிட்டால் நீயும் இப்படித்தான் நிற்பாய்" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் என் மனம் உறுத்துகிறது. என்ன சொல்லியிருக்க வேண்டும்?
— ஒரு தாய், சென்னை

பதில்: உறுத்துவது நல்லது, அந்தச் சொற்களைத் திரும்பப் பெற்றுக்கொள்ளவும் முடியும். வறுமை அந்தச் சிறுவனின் குற்றம் என்று உங்கள் மகன் நம்பத் தொடங்கியிருப்பான். அதோடு, இரக்கம் எழ வேண்டிய இடத்தில் அச்சம் எழுந்திருக்கும். "அன்றைக்கு அம்மா தவறாகச் சொல்லிவிட்டேன்" என்று தொடங்குங்கள். "அவர்கள் வீட்டில் செருப்பு வாங்கப் பணம் இல்லை. அவன் பள்ளியில் இருக்க வேண்டிய நேரத்தில் வெயிலில் நிற்கிறான். அது அவன் தவறு இல்லை. அதைச் சரிசெய்ய வேண்டியது பெரியவர்களின் வேலை" என்று சொன்னால் ஐந்து வயதுக் குழந்தைக்குப் புரியும்.

காசு கொடுக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மகன் கேட்பான். சாலையில் கையேந்தும் குழந்தைக்குத் தரும் காசு அவனை அதே சந்தியில் நிறுத்தி வைக்கவே உதவுகிறது என்பது என் எண்ணம். தராமல் போவதிலும் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வேறுபக்கம் திரும்பாமல், அவன் முகத்தைப் பார்த்து, "இல்லை தம்பி" என்று சொல்லுங்கள். பின்னர் வண்டியை ஓரமாக நிறுத்தி, குழந்தைகளுக்கான உதவி எண் 1098ஐ அழைத்து இடத்தைச் சொல்லுங்கள். உங்கள் மகன் அதைக் கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்றையும் அவனுக்குச் சொல்லலாம். ஒவ்வொருவரும் தம் கையால் கொடுப்பது போக, எல்லாரும் சேர்ந்து செய்வது என்று ஒன்று உண்டு. பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி 1920இல் ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு மதிய உணவு கொடுக்கத் தொடங்கியது, 1956இல் காமராஜர் அதை மாநிலம் முழுவதற்கும் கொண்டுசென்றார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார்; 2022 செப்டம்பர் 15 முதல் காலை உணவும் வந்திருக்கிறது. அந்தத் தட்டின் முன் அமரும் எந்தப் பிள்ளையும் எவருக்கும் கைகூப்பி நன்றி சொல்ல வேண்டியதில்லை. அது அவனுக்கு உரியது. உங்கள் வீட்டருகே உள்ள அரசுத் தொடக்கப் பள்ளியைக் கடக்கும்போது, "இங்கே எல்லாருக்கும் காலையில் சாப்பாடு உண்டு, நாம் கட்டும் வரியில் அதுவும் சேர்ந்திருக்கிறது" என்று காட்டுங்கள். சமூக அக்கறை என்ற பெரிய சொல்லை அவன் பின்னால் கற்றுக்கொள்வான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு வாரம் மாணவர்களிடம் நிதி திரட்டி முதியோர் இல்லத்திற்குக் கொடுக்கிறோம். அதிகம் திரட்டும் வகுப்புக்குக் கோப்பையும் அதிகம் கொடுக்கும் மாணவருக்குச் சான்றிதழும் உண்டு. பிள்ளைகள் ஆர்வமாகப் போட்டியிடுகிறார்கள். புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் பரிசை நிறுத்த வேண்டும் என்கிறார். நல்ல செயலை ஊக்குவிப்பதில் என்ன தவறு?
— ஓர் ஆசிரியர், திண்டுக்கல்

பதில்: அந்தப் புதிய ஆசிரியை சொல்வதைக் கேளுங்கள், ஐயா. எனக்கு அன்று அப்படி ஒருவர் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

2005 ஜனவரியில், ஆழிப்பேரலை வந்து இரண்டு வாரம் ஆன நிலையில், என் மூன்றாம் வகுப்பில் நிதி திரட்டினேன். ஆர்வம் பெருக வேண்டும் என்று கரும்பலகையின் வலப்பக்கத்தில் கோடு போட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் எழுதினேன். முதல் நாளே பலகையில் இருபது பெயருக்கு மேல் ஏறிவிட்டது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. பேருந்து நிலையத்தில் சுமை தூக்கும் ஒருவரின் மகன் என் வகுப்பில் இருந்தான். மறுநாளும் அதற்கு மறுநாளும் அவன் வரவில்லை. மூன்றாம் நாள் பத்து ரூபாயோடு வந்தான். அன்று மாலை அவனுடைய தாய் என்னைப் பார்க்க வந்து, குற்றம் சொல்லும் குரலில் அல்லாமல், மிகத் தயங்கி, "பலகையில் பேர் வரவில்லை என்று இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை டீச்சர், கடைக்காரரிடம் கடன் வாங்கிக் கொடுத்தனுப்பினேன்" என்றார். பிறர் துன்பத்தை உணரக் கற்பிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, என் கண்முன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவனின் துன்பத்தைக் காணாமல் இருந்திருக்கிறேன். அவர் போனபின் பலகையை அழித்தேன்.

மறுநாள் ஒரு மண்பானையைக் கொண்டுவந்து, வாயைத் துணியால் கட்டி, கை நுழையும் அளவுக்கு ஒரு துளை விட்டு, மூலையில் வைத்தேன். விரும்புபவர் விரும்பும்போது போடலாம், என்ன போட்டார்கள் என்று எவரும் கேட்கக் கூடாது என்று சொன்னேன். அதற்குள் சில்லறையோடு இரண்டு புதுப் பென்சிலும் ஒரு ரப்பரும் கடலை மிட்டாயும் கிடந்தன. பணம் இல்லாதவருக்கும் தர ஏதாவது இருந்தது.

பரிசைப் பற்றி ஆய்வாளர்களும் பார்த்திருக்கிறார்கள். முன்னே சொன்ன லைப்சிக் ஆய்வாளர்கள் 2008இல் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொரு சோதனை செய்தார்கள். உதவியதற்குப் பரிசுப் பொருள் பெற்ற குழந்தைகள், பரிசு நின்றபின், முதலிலிருந்தே எதுவும் பெறாத குழந்தைகளைவிடக் குறைவாகவே உதவினார்கள். உங்கள் பிள்ளைகள் இப்போது ஓடுவது கோப்பையின் பின்னாலா, முதியோர் இல்லத்தின் பின்னாலா என்று கேட்டுப் பாருங்கள். அந்த இல்லத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று உங்கள் மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பணத்தைவிட அவர்களுக்கு வேண்டியது வேறாகவும் இருக்கலாம்: செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்ட ஒருவர், தாயம் ஆட ஒருவர், பேரப்பிள்ளைக்குக் கடிதம் எழுதித் தர ஒருவர். நான்காம் வகுப்புப் பிள்ளை இவை மூன்றையும் செய்யும். தொகையைப் பள்ளி முழுவதற்கும் ஒரே எண்ணாக அறிவியுங்கள். கோப்பையை விளையாட்டு விழாவுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: குழந்தைகளுக்குச் சிறியதாகிப்போன துணிகளையும் பழைய பொம்மைகளையும் கொடுப்பது ஈகையில் சேருமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தாராளமாகச் சேரும், துவைத்து, பொத்தான் தைத்து, மடித்துக் கொடுத்தால். ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கிழிந்த துணிகள் சாலையோரங்களில் குவியல் குவியலாகக் கிடந்ததை மறக்க முடியாது. உற்றாரையும் வீட்டையும் இழந்து நின்றவர்கள் அதைத் தொடவில்லை. ஏன் தொட வேண்டும்? உங்கள் குழந்தையிடம் கேட்க வேண்டியது, "இதை உன் அத்தை மகளுக்குக் கொடுப்பாயா?" என்பதுதான். கொடுக்கமாட்டேன் என்றால் அது தரைதுடைக்கும் துணி. மூன்று சக்கரம் மட்டும் உள்ள பொம்மைக் காரும் அப்படியே.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. சைக்கிள் வாங்குவதற்காக ஓராண்டாக உண்டியலில் சேர்த்து வருகிறாள். மூவாயிரம் ரூபாய்க்கு மேல் இருக்கும். வெள்ளச் செய்திகளைத் தொலைக்காட்சியில் பார்த்ததிலிருந்து, முழுவதையும் கொடுத்துவிட வேண்டும் என்கிறாள். ஒரு பகுதியைக் கொடுத்தால் போதும் என்று நானும் என் மனைவியும் எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அனுமதிக்கலாமா?
— ஒரு தந்தை, தஞ்சாவூர்

பதில்: இரண்டு நாள் பொறுத்து மீண்டும் கேளுங்கள். கொடுத்தால் இந்த ஆண்டு சைக்கிள் இல்லை என்பதை மிரட்டலாக இல்லாமல், செய்தியாகச் சொல்லுங்கள். அப்போதும் முழுவதையும் என்றால், அனுமதியுங்கள். அது அவளுடைய பணம். பாதியை மட்டும் கொடு என்று நாம் சொல்லிக்கொடுத்தால், முடிவு நம்முடையதாகிவிடும்.

2018இல் கேரள வெள்ளத்தின்போது தமிழ்நாட்டுச் சிறுமி ஒருத்தி இதேபோல் சைக்கிளுக்குச் சேர்த்த உண்டியல் பணத்தைக் கொடுத்தாள். செய்தி பரவியதும் சைக்கிள் நிறுவனம் ஒன்று அவளுக்குப் புதிய சைக்கிளைப் பரிசளித்தது. அந்தக் குழந்தைக்குக் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் அக்கதையை உங்கள் மகளிடம் இப்போது சொல்ல வேண்டாம்; மறுவாரமே நீங்கள் சைக்கிள் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்தது கையைவிட்டுப் போயிற்று என்பதை அவள் உணர்வதற்கு நாம் இடம் விட வேண்டும். நடுவில் ஒரு நாள் அவள் சைக்கிளை நினைத்து அழக்கூடும். அழுதால், கொடுத்ததற்காக வருந்துகிறாள் என்று எண்ணிவிடாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள்.

உண்டியலை அவளே உடைத்து, நாணயங்களைப் பிரித்து எண்ணட்டும். முதலமைச்சரின் பொது நிவாரண நிதிக்கு அனுப்புவதானால் அவளையும் வங்கிக்கு அழைத்துச் சென்று, படிவத்தில் தொகையை அவள் கையால் எழுதச் செய்யுங்கள். ரசீதை உங்கள் கோப்பில் வைக்காமல் அவளிடமே கொடுத்துவிடுங்கள். வரும் வழியில் புதிய உண்டியல் ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.